எட்டாவது மாலுமியும் ஒரு கையுறைக்காரரும்

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வீட்டுக்கு ஒருவர் வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். பையைத் திறந்து, வெள்ளைக் கையுறை எடுத்து, இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டார்.

டாக்டர் இல்லை. திருடரும் இல்லை. இங்கே பூனாவில், பாணேர் பகுதியில் குடியிருக்கிற, சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிற, மரியாதையான ஓர் இளைஞர். பெயர் பிரசன்னா. சொந்த ஊர் கோயமுத்தூர். பழைய தமிழ் காமிக்ஸ் புத்தகங்களைச் சேகரிப்பவர். அண்ணனின் ட்ரங்க் பெட்டியைப் பார்வையிட வந்திருந்தார். கூட்டிக்கொண்டு வந்தது நான்தான்.

"கையுறை எதுக்கு தம்பி?" என்று கேட்டேன்.

"கையில வேர்வை இருக்குமுங்க மேடம். பழைய பேப்பருக்கு அது ஆகாது."

அண்ணன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். சின்ன வயசிலிருந்து அந்தப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிற கைகள் அவை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... இந்த வாரம் நான் ரொம்பக் களைத்துப்போயிருக்கிறேன். ஒரு மாதமாக அண்ணனுக்கும் அவர் மகன் கார்த்திக்கும் நடுவே பஞ்சாயத்து. என் வீடு இருக்கிற பாணேரிலிருந்து போபோடி, போபோடியிலிருந்து வாகட், வாகட்டிலிருந்து மறுபடி பாணேர். ஆட்டோக்காரர்களிடம் பேரம் பேசுகிற தெம்புகூட எனக்கு இப்போது இல்லை. அவர்கள் சொல்வதைக் கொடுத்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறேன். எனவே வழக்கமான கிண்டல், கேலியெல்லாம் இந்த வாரம் கொஞ்சம் குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை இதுதான். அண்ணனும் அண்ணியும் போபோடியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். லிஃப்ட் கிடையாது. அண்ணியின் முழங்கால் இரண்டும் போய்விட்டன. காய்கறி வாங்கக் கீழே இறங்கினால் திரும்ப ஏற அரை நாள் ஆகிறது. அதனால் வாகட்டில் இருக்கும் கார்த்தியின் ஃப்ளாட்டுக்கே போய்விடுவது என்று முடிவு. நல்ல முடிவு. எல்லாருக்கும் சம்மதம்.

கட்டில் யாருக்கு, பீரோ எங்கே, கிரைண்டர் வருமா வராதா — எல்லாம் பேசித் தீர்ந்துவிட்டது. தீராதது ஒன்றே ஒன்று. அண்ணனின் காமிக்ஸ் பெட்டி.

கார்த்தி கெட்ட பையன் இல்லை. காலையில் ஹிஞ்சவடி ட்ராஃபிக்குக்குள் நுழைந்தால் இருட்டிய பிறகு வெளியே வருகிறவன். வீட்டுக் கடன், மகளின் ஸ்கூல் ஃபீஸ், எப்போதும் பாதி சார்ஜில் இருக்கும் போன். என்னிடம் பொறுமையாகத்தான் பேசினான்.

"அத்தை, டூ பெட்ரூம் ஃப்ளாட். நாங்க மூணு பேர், இவங்க ரெண்டு பேர். பெட்டிக்கு ஜகா எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க. ஒண்ணு, அதுக்கு வேல்யூ இருக்கு... அப்போ வித்துடலாம். இல்ல, வேல்யூ இல்ல... அப்போ ரத்திக்குப் போட்டுடலாம். சிம்பிள்."

பழைய பேப்பர் கடைக்கு எங்கள் ஊரில் ரத்தி என்று பெயர்.

கவனித்தீர்களா? மதிப்பு இருந்தாலும் பெட்டி வெளியே. மதிப்பு இல்லாவிட்டாலும் பெட்டி வெளியே. இப்படி ஒரு கணக்கை நான் வேலை பார்த்த வங்கியில்கூடப் பார்த்ததில்லை.

ஆனால் அண்ணன் ஒப்புக்கொண்டார். "நல்லாப் படிக்கிற ஆள் கையில போனா சரி" என்றார். சொன்ன பிறகு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி போனில் சொன்னாள். பெட்டி இல்லாமலும் அண்ணன் வாகட்டுக்கு வருவார். பேத்தியை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிடுவார், பால் வாங்கி வருவார், டிவி பார்ப்பார். ஆனால் விருந்தாளி மாதிரி இருப்பார். தன் வீடு என்று நினைக்க மாட்டார். அது எனக்குத் தெரியும். கார்த்திக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவன் அத்தையை நடுவில் இழுத்துவிட்டான்.

சேகரிப்பாளரை எப்படிப் பிடித்தேன் என்றா கேட்கிறீர்கள்? எங்கள் பகுதியில் தமிழர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. இட்லி மாவு யாரிடம் நன்றாக இருக்கும், பொங்கலுக்குக் கரும்பு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிற குரூப். அதில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் பிரசன்னா வந்துவிட்டார்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

கட்டிலில் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார் பிரசன்னா. பெட்டியிலிருந்து முதல் புத்தகத்தை, பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினார். 'கலங்கரை காமிக்ஸ்'. எங்கள் குழந்தைப் பருவம் முழுக்க மாதாமாதம் தபாலில் வந்த புத்தகம். பூனாவில் அப்போது தமிழ் காமிக்ஸ் எந்தக் கடையில் கிடைக்கும்? அப்பா கிர்க்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பிள்ளைகள் ஹிந்தியும் மராத்தியும் பேசிப் பேசித் தமிழை மறந்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். அதனால் வருடத் தொடக்கத்திலேயே சந்தா கட்டிவிடுவார். நாங்கள் தமிழ் எழுத்துக் கூட்டியது கப்பல் கேப்டன்களிடமும் கொள்ளைக்காரர்களிடமும்தான்.

பிரசன்னா ஒரு சின்ன லென்ஸை எடுத்தார். முதுகுப் பக்கத்தைப் பார்த்தார். பின்னைப் பார்த்தார். ஓரங்களைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"என்ன தம்பி?" என்றார் அண்ணன்.

"முதுகுல கோடு விழுந்திருக்குதுங்க சார். புக்கை நல்லா மடக்கிப் படிச்சிருக்கீங்க."

"படிக்கத்தானே வாங்கினது."

"அது சரிங்க. ஆனா கிரேடு இறங்கிரும்."

கிரேடு! அன்றைக்குத்தான் எனக்கு இந்த உலகத்தின் சட்டதிட்டங்கள் தெரிந்தன. பழசாக இருந்தால் மட்டும் போதாதாம். பின் துருப்பிடித்திருக்கக் கூடாது. தாள் பழுத்திருக்கக் கூடாது. அட்டை ஓரம் மழுங்கியிருக்கக் கூடாது. முதல் இதழுக்கு விலை அதிகம். ஏனென்றால் விற்குமோ விற்காதோ என்ற பயத்தில் பதிப்பாளர் அப்போது கொஞ்சம்தான் அச்சடித்திருப்பார். அட்டையில் நிறம் மாறி, தப்பாக அச்சாகியிருந்தால் அதற்கு இன்னும் அதிகம். எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. இந்தப் பத்தியில் ஓர் எழுத்து தப்பாக வந்தால் எத்தனை பேர் போன் பண்ணித் திட்டுகிறீர்கள்!

முக்கியமான விஷயம், கொஞ்சம் பிரதிகள்தான் மிஞ்சியிருக்க வேண்டும். எல்லாரும் பத்திரமாக வைத்திருந்தால் எதற்கும் மதிப்பு இல்லை. உங்கள் வீட்டில் பழைய பேப்பர்காரரிடம் போட்டீர்களே, அதனால்தான் எங்கள் வீட்டில் போடாமல் வைத்ததைப் பார்க்க ஒருவர் பாணேரிலிருந்து வருகிறார். உங்களுக்கு நன்றி.

பிரசன்னா அடுத்ததை எடுத்தார். அட்டை மேல் மூலையில் பால்பாயின்ட் பேனாவில் அண்ணனின் பெயர், வகுப்பு, பிரிவு.

"பேர் எழுதிட்டீங்க..." என்றார், ஏதோ கெட்ட செய்தி சொல்கிற குரலில்.

"எழுதலேன்னா பக்கத்து வீட்டுப் பசங்க எடுத்துட்டுப் போயிடுவானுங்களே!"

அடுத்தது. நடுப்பக்கத்தில் வந்த கொள்ளைக்காரன் முகமூடியைக் காணோம். கத்தரித்து, நூல் கட்டி, அண்ணன் அதை மாட்டிக்கொண்டு என்னைப் பயமுறுத்திய முகமூடி.

"இலவச இணைப்பு முழுசா இருந்தா இது ரொம்ப ரேர் சார். வெட்டிப்போட்டீங்களே..."

"தம்பி, அவங்களே 'இங்கே வெட்டவும்'னு புள்ளிக்கோடு போட்டிருந்தாங்க!"

புத்தகம் சொன்னபடி கேட்ட பிள்ளைகளுக்கு இந்த உலகத்தில் மரியாதை இல்லை போலிருக்கிறது. குறுக்கெழுத்துப் போட்டி இருந்தால் நிரப்பியிருக்கக் கூடாது. புள்ளிகளை இணைத்துப் படம் வரையச் சொன்னால் வரைந்திருக்கக் கூடாது. பரிசுக் கூப்பனை வெட்டி அனுப்பியிருக்கக் கூடாது. எங்களுக்கு ஒரு பரிசும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

பத்துப் பதினைந்து புத்தகம் பார்த்த பிறகு லென்ஸை ஓர் அட்டையின் மேல் வைத்து, தலையைச் சாய்த்து, மறுபடி பார்த்தார். வேறொன்றை எடுத்தார். அதிலும் பார்த்தார். இன்னொன்று.

"சார், ஒரு டவுட்டு. எல்லா புக்குலயும் அட்டையில மஞ்சளா, நடுவுல சிவப்பா ஒரு கறை இருக்குதே... அதுவும் ஒவ்வொண்ணுலயும் கரெக்டா மூஞ்சி மேலயே?"

அண்ணி முழங்காலை மறந்து சிரித்துவிட்டாள்.

அது கறை இல்லை, வாசகர்களே. சந்தனமும் குங்குமமும். எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் அம்மா எல்லாப் புத்தகத்தையும் வாங்கி அடுக்கிவிடுவாள். பூஜைக்கு வைத்தால் விஜயதசமிவரை எதையும் தொடக் கூடாது, படிக்கக் கூடாது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தானே? அண்ணன் கணக்குப் புத்தகத்தை முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, காமிக்ஸை மட்டும் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தார். அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "அச்சடிச்ச எழுத்தெல்லாம் சரஸ்வதிதான்டா" என்று அந்த வருடம் வந்த காமிக்ஸ் முழுவதையும் வாங்கி பூஜையில் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து வருடா வருடம் அதே நடைமுறை. பொட்டு எங்கே வைப்பாள்? அட்டையில் இருக்கிற ஆளின் நெற்றியில். கதாநாயகனுக்கு, வில்லனுக்கு, ஒற்றைக்கண் கொள்ளைக்காரனுக்கு, ஓர் இதழில் மண்டை ஓட்டுக்கு... எல்லாருக்கும் சந்தனம், குங்குமம்.

"ஸ்டெயின்" என்றார் பிரசன்னா மெதுவாக. பாவம், அவருக்கே சொல்லச் சங்கடமாக இருந்தது. அவர் வீட்டிலும் சரஸ்வதி பூஜை உண்டுதானே? "சார், தப்பா நெனைக்காதீங்க. இந்தக் கண்டிஷன்ல எனக்கு வேண்டாமுங்க. யாரும் வாங்க மாட்டாங்க."

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். கார்த்தி சுவரில் சாய்ந்து கார் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். நிறுத்திவிட்டான். அவனுக்கும் அப்பாவின் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. நாம் ஒன்றை எடுத்து, மடக்கி, படுத்துக்கொண்டு படித்து, பெயர் எழுதி, பொட்டு வைத்து நம்முடையதாக்கிக்கொள்கிறோம். அப்படிச் செய்யச் செய்ய அதன் விலை இறங்குகிறது. யாரும் தொடாமல் கிடந்தால் விலை ஏறுகிறது. யோசித்துப் பார்த்தால் இதில் புதிதாக ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு வந்த பீங்கான் செட்டை ஷோகேஸில் வைத்துவிட்டு எவர்சில்வர் தட்டில் சாப்பிடுகிறோம். சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே சோபா கிழிந்துபோகிறது. டிவி ரிமோட்டுக்கு உறை போடாத வீடு உங்களுக்குத் தெரியுமா? நாம் எல்லாருமே கொஞ்சம் கையுறைக்காரர்கள்தான். என்னைக்கூட அந்த லென்ஸ் வைத்துப் பார்த்தால் என்ன கிரேடு வரும்? முதுகு போய்விட்டது, ஓரமெல்லாம் மழுங்கிவிட்டது. நன்றாகப் படிக்கப்பட்ட பிரதி!

"அடியில ஏதோ இருக்குதுங்களே?" என்றார் பிரசன்னா.

பெட்டியின் அடியில் ஒரு துணிப்பை. அண்ணன் அதை எடுக்கவில்லை. பிரசன்னாதான் எடுத்தார். உள்ளே பழுப்புக் காகிதம் சுற்றிய ஐந்து தட்டையான பொட்டலங்கள். தபால் முத்திரை. டைப் அடித்த முகவரி. அப்பாவின் பெயர்.

பிரசன்னா முத்திரையை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"சார்... இது பிரிக்கவே இல்லைங்களா?"

"இல்ல" என்றார் அண்ணன்.

அப்பா அந்த வருடம் மழைக்காலத்தில் போய்விட்டார். ஃபேக்டரிக்குப் போனவர், மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். நான் சின்ன கிளாஸ். அண்ணன் அப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்திருந்தார். கருணை அடிப்படையில் அப்பாவின் வேலை அவருக்குக் கிடைத்தது. காமிக்ஸ் படித்துக்கொண்டிருந்த கை மறு மாதமே டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனது. ஆனால் சந்தா டிசம்பர்வரை கட்டியிருந்ததே! புத்தகம் மாதாமாதம் வந்துகொண்டே இருந்தது, அப்பாவின் பெயருக்கு.

எங்கள் வீட்டில் அந்த உறையை அப்பாதான் பிரிப்பார். சாயங்காலம் வந்து, கை கால் கழுவி, பழைய பிளேடால் ஓரமாகக் கீறி, தாளில் கீறல் படாமல் எடுத்து அண்ணனிடம் கொடுப்பார். நாங்கள் யாரும் தொட மாட்டோம்.

"அப்பா பேருக்கு வந்த தபாலு தம்பி" என்றார் அண்ணன். "நான் எப்படிப் பிரிப்பேன்? அம்மாகிட்ட கேட்டேன். அவ ஒண்ணும் சொல்லல. பையில போட்டு வெச்சுட்டேன்."

துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் பூஜையும் இல்லை. சந்தனமும் இல்லை, குங்குமமும் இல்லை. யாரும் படிக்கவில்லை, யாரும் பெயர் எழுதவில்லை. கிரேடு? பிரசன்னா ஒரு வார்த்தை சொன்னார்: "மின்ட்." அச்சகத்திலிருந்து வந்தபடியே இருக்கிறதாம். அதுவும் தபால் உறையோடு! அவருக்குத் தெரிந்து இப்படி வேறு யாரிடமும் இல்லையாம். அந்தப் பையில் இருந்ததற்கு மட்டும் ஒரு தொகை சொன்னார். கார்த்தி சாய்ந்திருந்த சுவரைவிட்டு நிமிர்ந்துவிட்டான்.

அண்ணன் தயங்கவே இல்லை. "எடுத்துக்கோங்க" என்றார். எனக்கே திக்கென்றது. ஒருவேளை அவருக்கு அது நிம்மதியோ என்னவோ... பிரிக்கவும் முடியாமல் தூக்கிப்போடவும் முடியாமல் இத்தனை காலம் அடியில் வைத்துக்கொண்டிருந்தவர்.

பிரசன்னா ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் கவரில் போட ஆரம்பித்தார். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"தம்பி, இதுக்கு அடுத்த ஜனவரி இதழ் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்குங்க சார்! சூப்பர் கண்டிஷன், பிளாஸ்டிக் கவர்ல சீல் பண்ணி வெச்சிருக்கேன். இதோட சேர்ந்தா செட்டு கம்ப்ளீட் ஆயிரும். அதுக்குத்தான் இந்தத் துடிப்பு."

"அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. அந்த எட்டாவது மாலுமி யாரு?"

"எட்டாவது...?"

"தொடர்கதை தம்பி! கேப்டன் மலையப்பன் கப்பல்ல ஏழு மாலுமிதான் ஏறுவாங்க. நடுக்கடல்ல சாப்பாட்டுக்கு எட்டு தட்டு காலியாகும். எண்ணிப் பார்த்தா ஏழு பேருதான் இருப்பாங்க. ராத்திரி மேல்தளத்துல எட்டு நிழல். நான் ஜூலை வரைக்கும் படிச்சேன். மிச்சம் இதுலதான் இருக்கு. யாரு அது?"

பிரசன்னா விழித்தார். "தெரியாதுங்க சார். நான் படிக்கறதில்லை. பக்கத்தைப் புரட்டினா முதுகுல கோடு விழுந்துரும்."

"ஒண்ணுகூடவா?"

"ஸ்கேன் பண்ணிப் போடுவாங்க, அதுல படிக்கலாமுங்க. இது யாரும் போடலை. யார்கிட்டயும் இல்லைங்களே."

அண்ணன் ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "சரி, நான் ஒரு தடவை படிச்சுட்டுத் தரேன். பத்திரமாத்தான் படிப்பேன்" என்றார்.

"ஐயோ சார்! பிரிச்சா அந்த விலை வராதுங்க. அப்புறம் அதுவும் மத்த புக்கு மாதிரிதான்."

"அப்பா, ப்ளீஸ்..." என்றான் கார்த்தி. "அவர் எவ்வளவு சொன்னார்னு கேட்டீங்கல்ல? ஸ்டோரிதானே? அதுக்காகவா?"

அண்ணன் மகனை நிமிர்ந்து பார்த்தார். "டேய், இதுக்கு உங்க தாத்தா சந்தா கட்டினார்டா. கவருக்கா கட்டினார்?"

பிறகு அண்ணியைப் பார்த்து, "பிளேடு இருக்கா?" என்றார்.

பிளேடு இல்லை. அண்ணி காய் நறுக்குகிற கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணன் ஆகஸ்ட் இதழின் உறையை ஓரமாக, அப்பா செய்கிற மாதிரியே, கீறினார். சரக் என்று ஒரு சத்தம். பிரசன்னா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு மறைக்க வேண்டும்? அழுதேன்.

அண்ணன் வாய்விட்டுப் படித்தார். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான். அவர் படிப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பேன். கார்த்திக்குத் தமிழ் புரியும், படிக்க வராது. காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். செப்டம்பர் இதழில் சமையல்காரன் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்து அலறுகிறான். கார்த்தி போனைக் கவிழ்த்து வைத்தான்.

"அப்போ அந்த குக்குதான் ஆளா?" என்றான்.

"அவன்தான் அதே பக்கத்துல செத்துட்டானே, பேசாம கேளு" என்றாள் அண்ணி.

"அரே, அப்போ கேப்டனே பொய் சொல்றானா?"

அக்டோபர். நவம்பர். பிரசன்னா போவார் என்று பார்த்தேன், போகவில்லை. கையுறை போட்ட கையில் காபி டம்ளரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆவென்று வாயைத் திறந்து கதை கேட்டார். காபி ஆறிப்போனது. டிசம்பர் இதழின் கடைசிப் பக்கம். கேப்டன் மலையப்பன் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறார். பாய்மரத்துக்குப் பின்னால் அந்த எட்டாவது ஆள். வெளிச்சம் மெல்ல அவன் முகத்தில் விழுகிறது. கேப்டன் கத்துகிறார், "ஆ! நீயா?"

அவ்வளவுதான். கீழே கட்டம் கட்டி, 'மர்மம் விலகும்... ஜனவரி இதழில்!'

அண்ணன் புத்தகத்தை மூடினார். பிறகு அண்ணன், அண்ணி, கார்த்தி, நான்... நால்வரும் ஒரே நேரத்தில் பிரசன்னாவைப் பார்த்தோம்.

"ஏனுங்க... எல்லாரும் என்னையவே பார்க்கறீங்க?" என்றார். முகம் வெளுத்துவிட்டது. "அது மின்ட்டுங்க சார்! அதைத் தேடிப் பிடிக்க எத்தனை வருஷம் ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாது."

"நான் ஒண்ணும் கேக்கலையே தம்பி" என்றார் அண்ணன்.

பிரசன்னா எதையும் வாங்கவில்லை. லென்ஸ், துணி, காலி கவர்கள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டார். செருப்பு மாட்டும்போது, "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றார். எதை யோசித்து என்று நாங்கள் கேட்கவில்லை.

எனக்குக் கார்த்தியை நினைத்துத்தான் பயம். அவ்வளவு பெரிய தொகை, கண் முன்னாலேயே காய்கறிக் கத்தியால் போய்விட்டது. இனி அந்தப் பெட்டிக்கு எந்த மதிப்பும் இல்லை. அவன் கணக்குப்படி நேராக ரத்திதான். அண்ணனும் அதைத்தான் எதிர்பார்த்தார் போல. புத்தகங்களை ஒழுங்காக அடுக்கி, பெட்டியை மூடி, வாசல் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கார்த்தி பெட்டியைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"அந்த பாணேர் ஆள் ஜனவரி புக்கைப் பிரிப்பாரா அத்தை?"

"தெரியலடா."

"இல்ல... முடிவு தெரியாம இதைப் பாதியில எப்படிக் குடுக்கறது? முன்னாடி ஏதாவது க்ளூ விட்டிருப்பாங்க, திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்." அப்பாவின் பக்கம் திரும்பாமலே சொன்னான். "முடிவு தெரியற வரைக்கும் பெட்டி நம்ம வீட்லயே இருக்கட்டும். அதுக்கப்புறம் பார்த்துக்கலாம்."

மூன்று மாடியும் அவனே இறக்கினான், திட்டிக்கொண்டே. வாகட்டில் அது இப்போது ஹாலில், ஷூ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மருமகள் ஒரு பெட்ஷீட் விரித்துவிட்டாள். ஸ்கூலுக்குக் கிளம்பும்போது பேத்தி அதன் மேல் உட்கார்ந்துதான் ஷூ மாட்டுகிறாளாம். சாயங்காலம் அண்ணன் அதைத் திறந்து முதல் இதழிலிருந்து ஆரம்பிக்கிறார். கார்த்தி ஆபீஸிலிருந்து வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "அந்த ஆள் போன் பண்ணாரா?" அண்ணன் இல்லை என்று சொல்லிவிட்டு, திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாராம். அண்ணி சொன்னாள்.

நானும் அப்பாடா என்று இருந்தேன். நேற்று என் போன் அடித்தது. பிரசன்னா.

"மேடம், தூக்கமே வரலீங்க. கண்ணை மூடினா அந்த எட்டாவது ஆளுதான் நிக்கறான். இதுக்கு மேல முடியாதுங்க. கையில கத்தியோட உக்காந்திருக்கேன்... ஜனவரி இதழைப் பிரிச்சுரட்டுங்களா?"

நான் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தேன். இவ்வளவு தெம்பு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"ஐயையோ, கத்தியைக் கீழ வைங்க தம்பி! மின்ட் கண்டிஷன் ஆச்சே... பிரிச்சா மதிப்பே போயிடும்!"